மூடி மாறிய டப்பு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதுதான் படித்தேன். மறதியும் உண்டு. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். லேபில் கழுவும் வேலைக்குப் புதிதாக வருகிற பெண்களுக்காக எழுதுகிறேன்.

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு லேபில் கண்ணாடிச் சாமான் கழுவினேன். அங்கே மனிதக் கல்லீரல் செல்லை ரோஸ் நிறத் தண்ணீரில் வளர்ப்பார்கள். சிலவற்றில் ஹெபடைடிஸ் சி வைரஸை விட்டு, அது என்ன செய்கிறதென்று பார்ப்பார்கள். பயன்படுத்திய பிப்பெட்டுகளை, அதாவது மருந்து உறிஞ்சி எடுக்கும் கண்ணாடிக் குழாய்களை, பிளீச்சிங் கரைத்த டப்பில் போட்டு என்னிடம் கொண்டுவருவார்கள். சிவப்பு மூடி என்றால் வைரஸ். ஒரு ராத்திரி ஊறவிட்டுத்தான் தொடுவேன். வெள்ளை மூடி சாதா செல். உடனே கழுவலாம்.

ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம், குங்குமம் வைத்தோம். அந்த அவசரத்தில் மூடிகள் மாறிவிட்டன. ஒருவரும் கவனிக்கவில்லை.

பூஜை முடிந்து லேப் திறந்த அன்று, ஆராய்ச்சி மாணவி கவிதா ஒரு டப்பை வைத்துவிட்டுப் போனாள். வெள்ளை மூடி. கையை விட்டேன். உடைந்த பிப்பெட் கிளவுசைக் கிழித்து விரலில் இறங்கியது. அடுத்த டப்போடு வந்த கவிதா ரத்தத்தைப் பார்த்து அலறினாள்.

"ஐயோ பேச்சிம்மா, அது வைரஸ் டப்பு! இப்பத்தான் போட்டுட்டு வாரேன்!"

"வெள்ள மூடில்ல பாப்பா போட்டிருக்கு?"

அவள் தன் கையிலிருந்த டப்பின் சிவப்பு மூடியைப் பார்த்தாள். டப்பைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய்க் குழாயைத் திறந்தாள்.

சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். "ஊசி ஒண்ணு போட்டுருங்க மேடம்" என்றேன் டாக்டரிடம்.

"சி-க்குத் தடுப்பூசி கிடையாதும்மா. பிளீச்சிங் பட்டிருக்கு, வாய்ப்பு கம்மிதான். வந்தாலும் மாத்திரை இருக்கு, குணமாயிரும்" என்றார் மேடம்.

எனக்கு அந்த "வந்தாலும்" மட்டும்தான் காதில் நின்றது. என் கொழுந்தன் கல்லீரல் கெட்டு, வயிறு வீங்கித்தான் செத்தார்.

வீட்டுக்காரர் செல்லூரில் தறி ஓட்டுகிறவர். "இங்காரு, காமாலைதான? கீழாநெல்லி அரைச்சுத் தாரேன்" என்றார்.

"அது வேறயாம். இது ரத்தத்துல வாரது. எனக்கு ரத்தம் வந்தா நீங்க தொடாதீக."

"ஒன் நாக்குல இருக்க அம்புட்டு வெசத்துக்கும் தப்பிச்சவன்டி நானு."

சிரித்தேன். ஆனாலும் விடிந்ததும் கண்ணாடியில் கண்ணைப் பார்ப்பேன், மஞ்சளாயிருக்கிறதா என்று. மஞ்சள் சேலை கட்டவே பயந்தேன்.

சில வாரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். வைரஸ் இல்லை. மாதங்கள் கழித்து மறுபடி எடுத்தார்கள். அப்போதும் இல்லை. கவிதா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். மறுநாள்தான் திரும்பக் கழுவும் வேலைக்குப் போய் டப்பின் முன்னால் நின்றேன். கை உள்ளே போகவில்லை. இடுக்கியை எடுத்துக்கொண்டேன். வேலையை விடும்வரை அப்புறம் நான் கை விட்டதே இல்லை.

நீங்களும் மூடியை நம்பாதீர்கள். டப்பு மேலேயே எழுதி ஒட்டச் சொல்லுங்கள். எந்த டப்பானாலும் இடுக்கியால் எடுங்கள்.

வைரஸ், பரிசோதனை பற்றி நான் எழுதியதை விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். நான் பயந்ததை மட்டும் திருத்த வேண்டாம். அது சரியாகத்தான் இருக்கிறது.