நான் லீவு மிஸ்

வராத டீச்சருக்குப் பதிலாக வகுப்புக்குப் போகிற வேலையில் நாற்காலி உண்டு, ஆனால் சாய்ந்து உட்கார முடியாது. உரியவருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டால் நாம் எழுந்துவிட வேண்டும். இப்படி அடுத்தவர் இடத்தில் உட்கார்ந்து காலம் தள்ளியவர்கள் உங்களில் யாராவது இருந்தால், காலையில் வாசலிலேயே நின்று, உரியவர் வந்துவிட்டாரா என்று எட்டிப் பார்க்கிற அந்தப் பயம் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்குச் சொன்னாலும் புரியப் போவதில்லை.

இந்த வருஷம்தான் ப்ளஸ் டூ முடித்தேன். மார்க் வெளியே சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. காலேஜில் இடமும் கிடைக்கவில்லை. முத்தியால்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு மேரி மிஸ் பிரசவத்துக்குப் போனதால் என்னை எடுத்துக்கொண்டார்கள். வாசல் போர்டில் பாண்டிச்சேரியை அழித்துவிட்டுப் புதுச்சேரி என்று பெயின்டர் எழுதிக்கொண்டிருந்தார். ஹெச்.எம். மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார், ஒரு கம்ப்ளெயின்ட் வந்தாலும் மறுநாள் வர வேண்டாம் என்று. வேலை போனால் அம்பத்தூரில் சித்திக்குப் பிறந்த இரட்டைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போக வேண்டும் என்று வீட்டில் அம்மா சொல்லிவிட்டது. சித்தி எனக்கென்று புதுப் பாய்கூட வாங்கி வைத்துவிட்டதாம்.

மேரி மிஸ் எப்படிச் செய்வாங்க?

இந்தக் கேள்வியை மட்டும் எந்த வகுப்பிலும் கேட்டுவிடாதீர்கள். நான் போன அன்றைக்கே கேட்டேன். "மேரி மிஸ் மொதல்ல கதை சொல்லுவாங்க மிஸ்." சொன்னேன். "தண்ணி குடிக்க எல்லாரையும் ஒண்ணா வுடுவாங்க மிஸ்." விட்டேன். "வெள்ளிக்கிழமை கடைசி ரெண்டு பீரியடும் வெளயாட்டு மிஸ்." முன் வரிசை முழுக்கத் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தது. அதற்கும் தலையாட்டினேன்.

பெஞ்சுகளை வரிசையாக இழுத்துப் போட்டு ரயில் விட்டார்கள். சத்தம் ஹெச்.எம். ரூமுக்குப் போய்விடுமே என்று கதவைச் சாத்திக்கொண்டு அதிலேயே முதுகைக் கொடுத்து நின்றேன். பக்கத்து வகுப்பு செல்வி மிஸ் தட்டித் திறக்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை விளையாட்டு என்று விளக்கினேன். அவர் என்னையும் ரயிலையும் மாறி மாறிப் பார்த்தார். "அது சரி, இன்னிக்கி வியாழக்கெழமதான?"

புடவை

டீச்சர் என்றால் புடவை கட்ட வேண்டும் என்பது ஹெச்.எம். சட்டம். என்னிடம் புடவை கிடையாது. அம்மாவுடையதுதான். அம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறது. சோப்புப் போட்டுத் துவைத்து, வெயிலில் காயவைத்து, பவுடர் தூவி, போதாததற்குப் பூவும் வைத்துக்கொண்டு பிள்ளைச்சாவடியில் டெம்போ ஏறுவேன். வழியெல்லாம் புடவை அவிழ்ந்துவிடுமோ என்று ஒரு பயம், வாசனை வந்துவிடுமோ என்று இன்னொன்று. குத்தியிருந்த ஊக்குகளை எடுத்தால் ஒரு கடையே வைக்கலாம்.

எந்தப் பெரிய மனுஷருக்கும் வாசனை தெரியவில்லை. நோட்டு திருத்திக்கொண்டிருந்தபோது மேசைக்குப் பக்கத்தில் நின்ற ஒரு வாண்டு மட்டும் மூக்கை இரண்டு தரம் உறிஞ்சியது. அதுவும் கடலோரத்துப் பிள்ளைதான். வீட்டில் போய்ச் சொல்லி, அதுவே கம்ப்ளெயின்ட் ஆகிவிடப் போகிறதே என்கிற பயத்தில் சரியான கணக்குக்குத் தப்புப் போட்டுவிட்டேன். அது நோட்டைக்கூடப் பார்க்கவில்லை. ரகசியம் போலக் கேட்டது: "நேத்து உங்கூட்டுல காரப்பொடி மீன் கொழம்பா மிஸ்?"

லோகு சார் வரலை

பதில் டீச்சருக்கு ஓய்வு பீரியட் என்று ஒன்று கிடையாது. அதில் யார் வரவில்லையோ அவர் வகுப்பு நம் தலையில். ஒரு நாள் லோகு சார் வரவில்லை, பத்தாம் வகுப்புக்குப் போ என்றார்கள். அங்கே பாதிப் பையன்கள் என்னைவிட உயரம். போதாததற்கு எங்கள் தெரு கலா அங்கேதான் படிக்கிறாள். போன வருஷம் வரை நாங்கள் இரண்டு பேரும் குழாயடியில் குடத்துக்காகச் சண்டை போட்டவர்கள்.

சத்தத்தை அடக்க எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், கோபமாக முகத்தை வைத்துக்கொள்வது. வைத்துக்கொண்டேன். யாரைக் கேள்வி கேட்டாலும் "சத்தமாச் சொல்லு, கடைசி பெஞ்சுக்குக் கேக்கணும்" என்று அதட்டினேன். ஆச்சரியம், வகுப்பு அடங்கிவிட்டது. மணி அடித்ததும் கலா பக்கத்தில் வந்தாள். பாராட்டப் போகிறாள் என்று நினைத்தேன். "ஏய் சுகன்யா, வயித்த வலிக்குதா? மொகமே செரியில்ல."

ஜன்னலில் ஒரு தாத்தா

நாலாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு ஒரு தாத்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு இப்போது பென்ஷன் வாங்குகிறவர். பேரனை அழைத்துப் போக மணி அடிப்பதற்கு ரொம்ப முன்னாடியே வந்து, தொப்பியோடு ஜன்னலுக்கு வெளியே நின்றுகொள்வார். நான் போர்டில் எழுதுவதைப் பார்ப்பார், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், திரும்ப என்னைப் பார்ப்பார். எனக்கு வாய்ப்பாடே மறந்து போகும். ஏழெட்டு ஐம்பத்தாறா ஐம்பத்து நாலா என்று பிள்ளைகளையே கேட்டுச் சமாளித்தேன்.

ஒரு நாள் கையசைத்துக் கூப்பிட்டார். கம்ப்ளெயின்ட் வந்துவிட்டது, முடிந்தது கதை என்று போனேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கல்யாணமாகாத பெண்களைப் பிரெஞ்சில் கூப்பிடுகிற மாதிரி மரியாதையாகத்தான் பேசினார். "பாடம் ரொம்ப நல்லா இருக்கு மத்மசெல். டீச்சர் எப்ப வருவாங்க?"

இன்ஸ்பெக்‌ஷன்

ஆபீசிலிருந்து இன்ஸ்பெக்‌ஷன் வருகிறார்கள் என்றால் எங்கள் மாதிரிச் சின்னப் பள்ளிக்கூடங்களில் ஒரு வழக்கம். டீச்சர் ட்ரெயினிங் முடிக்காதவர்களை அன்றைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். அதிகாரி இருக்கிற வரை செல்வி மிஸ் பார்த்துக்கொள்வார், ஆனால் அவர் போன பிறகு நாலாம் வகுப்பை மேய்க்க ஆள் வேண்டுமே. ஹெச்.எம். என்னை யோசனையாகப் பார்த்தார். "நீ சின்னப் பொண்ணாத்தான் இருக்க. யூனிஃபார்ம் போட்டுக்கிட்டுப் பத்தாவதுல போயி உக்காந்துடு. மாட்டுன, அதோட சரி, எனக்கு உன்னைத் தெரியாது."

கலாவின் இன்னொரு யூனிஃபார்மைப் போட்டு, ரெட்டைச் சடை பின்னி, ரிப்பன் கட்டி, நாலாம் வகுப்புப் பிள்ளைகள் கண்ணில் படாமல் பின்பக்கப் படி வழியாக ஏறிப் போய்க் கடைசி பெஞ்சில் கலாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லோரிடமும் சொல்லிவைத்தாயிற்று. அதிகாரி வந்தார். கூடவே ஹெச்.எம்.மும் வந்தார். அதிகாரி ஒரு பையனை எழுப்பி, பருவக்காற்று எதனால் வருகிறது என்று கேட்டார். அவனுக்குப் பதில் தெரியும். ஆனால் வாய்க்குள்ளேயே மென்றான். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ தெரியாது. கடைசி பெஞ்சிலிருந்து, "சத்தமாச் சொல்லு, இங்க கேக்கணும்" என்றேன்.

அவன் திரும்பி நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "யெஸ் மிஸ்" என்றான்.

ஹெச்.எம். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். எனக்கு அம்பத்தூர் பஸ்ஸின் ஹாரனே கேட்டுவிட்டது. அதிகாரி மெதுவாக நடந்து வந்து என் பெஞ்சுக்கு முன்னால் நின்றார்.

"யாரு மிஸ்ஸு?"

"எங்க கிளாஸ் லீடர் சார்," என்று கலா எழுந்துவிட்டாள். "சும்மா அதட்டிக்கிட்டே இருக்கும். அதனால பசங்க அப்பிடிக் கிண்டல் பண்ணுவானுங்க."

குழாயடியில் அவளை நான் திட்டியதெல்லாம் வாபஸ். அவர் என் ரிப்பனைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "என்னா ஆவப்போற படிச்சு?"

"தெரியல சார்," என்றேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

அவர் நம்பினாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாசலில் நின்று ஹெச்.எம்.மிடம் சொல்லிவிட்டுப் போனார்: "ப்ளஸ் டூ முடிச்சதும் அந்தப் பொண்ண டீச்சர் ட்ரெயினிங்ல சேத்து வுடுங்க மேடம்."

சாயங்காலம் ஹெச்.எம். கூப்பிட்டனுப்பினார். யூனிஃபார்மை மாற்றக்கூடத் தோன்றாமல் போய் நின்றேன். திட்டு வரும், அப்புறம் வராதே என்று வரும் என்று காத்திருந்தேன். அவர் பாதி டீயைக் குடித்துவிட்டு டம்ளரை மேசையில் வைத்தார். "மேரி இன்னும் கொஞ்ச நாள் லீவு கேட்டிருக்கு. நாளைக்கும் வா. பொடவையில வா."

டீச்சர் என்று ஒருத்தரும் ஒப்புக்கொள்ளாத என்னை, டீச்சர் இல்லை என்று காட்ட வேண்டிய ஒரே ஒரு நாளில்தான் ஒருத்தன் கையைக் கட்டிக்கொண்டு ஒப்புக்கொண்டான்.