கலர் பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர்

கல்லூரியில் ஒரு வகுப்பில் பேராசிரியை ஒரே தண்ணீரை எவர்சில்வர் டம்ளரிலும் மூடி போட்ட பாட்டிலிலும் கொடுத்து, எது ருசி என்று கேட்டார். முக்கால்வாசிப் பேர் பாட்டிலுக்குக் கை தூக்கினார்கள். நான் எதற்கும் தூக்கவில்லை. இந்தச் சோதனையை என் ஏழு வயதிலேயே மாமா செய்து பார்த்துவிட்டார்.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த காலம் அது. கள்ளக்குறிச்சி போகும் சாலையில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். இரண்டு மரங்களுக்கு நடுவே, எங்கள் காலனிக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு பஸ் முதல் நாள் சாயங்காலத்திலிருந்து நின்றது. பள்ளிக்கூடம் லீவு. பஸ்ஸை வேடிக்கை பார்ப்பதைவிட முக்கியமான வேலை எனக்கு இல்லை.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கள்ளக்குறிச்சியில் ஒரு கலர் கம்பெனியில் சோடா, கலர் நிரப்பும் வேலை பார்த்தார். தனியாகத் தொழில் தொடங்கும் ஆசையில் ஒரு பெட்டி பழைய பாட்டில்களும், கையால் அழுத்தித் தகர மூடி போடும் மிஷினும் வாங்கி வீட்டில் வைத்திருந்தார். சோடாவில் அடைக்கும் கேஸ் வாங்கத்தான் வழி பிறக்கவில்லை.

பஸ்ஸின் ஜன்னலோரம் மாசமாக இருந்த அக்கா ஒருத்தி தலையைக் கம்பியில் சாய்த்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் அவள் மாமியார். யாரும் சொல்லாமலே நான் ஓடிப்போய் ஒரு குடம் தண்ணீர் தூக்கி வந்தேன். அக்கா கையை நீட்டினாள். மாமியார் முந்திக்கொண்டாள்.

"எந்தத் தெரு பொண்ணு நீ?"

"அதோ, காலனி."

"எங்களுக்குத் தாகமில்ல. எடுத்துக்கினு போ."

அக்காவின் முகத்தைப் பார்த்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்கு வந்து மாமாவிடம் நடந்ததை ஒப்பித்தேன். கிணறு தூர்வாரி ஒரு மாசம்தான் ஆகிறது, குடம் காலையில்தான் புளி போட்டுத் துலக்கியது, பிறகு ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்று கேட்டேன். மாமா எழுந்துபோய்ப் பாட்டில்களைக் கழுவினார். அதே குடத்துத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி ஊற்றி, ஒவ்வொன்றாக மூடி அழுத்தினார்.

"குடத்துலயே நல்லாத்தான கீது. இன்னாத்துக்கு மாமா இதெல்லாம்?"

"குடத்துல ருசி கம்மி. இதுல ஜாஸ்தி."

"காசா வாங்கப் போற, பாவம்?" என்றாள் அம்மா.

"சும்மா குடுத்தா சந்தேகம் வரும்க்கா."

பேண்ட் மாட்டிக்கொண்டு, பெட்டியைச் சைக்கிளில் கட்டினார். எங்கள் தெரு வழியே போனால் இரண்டு நிமிஷம். அவரோ ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு, கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வருகிறவர் போல வந்து இறங்கினார். என்னை வரக்கூடாது என்று சொல்லியிருந்தார். அதனால் வெட்டிய மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

"இன்னா தம்பி, கலரா?" மாமியாரின் குரல்.

"கலர் தீந்துபோச்சும்மா. வெறும் தண்ணிதான். கம்பெனித் தண்ணி."

அவள் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்தாள். மூடியை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். அசையவில்லை என்றதும் திருப்தியானாள். மாமா டக்கென்று திறந்து கொடுக்க, அக்கா ஒரே மூச்சில் ஒரு பாட்டிலைக் காலி செய்துவிட்டு அடுத்ததை வாங்கினாள். மாமியாரும் ஒன்று குடித்தாள்.

"ருசியே தனிதான். கம்பெனின்னா கம்பெனிதான்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் கிணறு அல்லவா. ஓடிவந்து மாமாவின் சட்டையைப் பிடித்தேன்.

"இது கொடம் தூக்கினு வந்த பொண்ணாச்சே," என்றாள் மாமியார்.

அக்காவின் கையிலிருந்த பாட்டில் வாய்க்குப் போகாமல் நின்றது. மாமா என் கையைத் தட்டிவிட்டார்.

"யாரு பொண்ணு நீ? ஏவாரம் பண்ற எடத்துல இன்னா வேல? வூட்டுக்குப் போ."

அக்கா என்னைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். பிறகு பாட்டிலைக் கவிழ்த்து, மிச்சமில்லாமல் குடித்து முடித்தாள்.

நான் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் மரங்களை இழுத்துப் போட்டதும் பஸ் போய்விட்டது. காலிப் பாட்டில்களோடு திரும்பிய மாமா, சோறு வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, மூடி திறக்காத ஒரு பாட்டிலை என்னிடம் நீட்டினார். என்னைத் தெரியாத மாதிரி ஏன் பேசினீங்க என்று கேட்டேன். அது கம்பெனி ரகசியம் என்றார். எனக்கு அது பொருத்தமான பதிலாகவே பட்டது.

கண்ணை மூடிக்கொண்டு பாட்டிலில் ஒரு வாய், குடத்தில் ஒரு வாய் குடித்தேன். மாற்றி மாற்றிக் குடித்தேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பஸ்ஸில் வந்த அவ்வளவு பெரிய மனுஷிக்குத் தெரிந்த ருசி எனக்குத் தெரியவில்லை என்றால் கோளாறு என் நாக்கில்தான் இருக்க வேண்டும். வேப்பங்குச்சியைப் பிளந்து, கண்ணில் நீர் வருமட்டும் நாக்கை வழித்துவிட்டு, மறுபடியும் குடித்துப் பார்த்தேன்.