லோட்ஸ் இல்லாமல் புறப்பட்ட ரயில்

சுவிஸில், பாசல் நகரின் சரக்கு ரயில் டிஸ்போவில், அதாவது ரயில்களை வழிநடத்தும் அலுவலகத்தில், நான் சேர்ந்து மூன்றாவது மாதம். என்னை வேலையில் வைத்திருப்பதா கலைப்பதா என்று தீர்மானிக்க நாலு நாள் இருந்தது. அன்று காலை மலைப்பாதையில் பாறை விழுந்து லைன் பூட்டு. இத்தாலி போகிற எங்கள் ரயில் நடுவழியில்.

இன்னொரு ரயில் கொம்பனியின் லைனால் சுற்றி விடச் சொன்னார் மேலாளர் உர்ஸ், வாயில் கிப்ஃபெலி என்கிற பிறை வடிவப் பணிசோடு. நான் பம்பரமாகச் சுழன்றேன். வண்டியின் உயரம் அவர்களுடைய சுரங்கத்துக்குள் போகுமா, ஏற்றத்துக்கு இஞ்சினின் இழுவை காணுமா, எல்லாம் பார்த்து, அந்த லைனில் புறப்படப் பன்னிரண்டு மணி வரை செல்லும் ஸ்லொட்டும், நேர அனுமதியும், எடுத்தேன். எனக்கே என்னில் பெருமை தாங்கவில்லை.

பத்தரைக்கு ரயில் அவர்களுடைய லைன் தொடங்கும் ஸ்டேஷனில் நின்றது. லோட்ஸ் எங்கே என்று சாரதி போனில் கேட்டார்.

லோட்ஸ் என்றால் வழிகாட்டும் சாரதி. பழகாத லைனில் எங்கள் ஆள் தனியாக ஓட்டக்கூடாது. அந்த லைன் தெரிந்த ஒருவர் பக்கத்தில் ஏற வேண்டும். பயிற்சியின் முதல் வகுப்பிலேயே படிப்பிப்பது. மண்டபம் எடுத்து, சமையலுக்கும் சொல்லி, மாப்பிள்ளையை மறந்த கதை.

உர்ஸ் கிப்ஃபெலியைக் கீழே வைத்தார். அதை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஸ்லொட் போனால் நானும் போகலாம் என்றார், மிக மரியாதையாக.

லோட்ஸ் தரக்கூடியவர் மற்றக் கொம்பனி டிஸ்போவில் இருக்கும் அந்தோனி அண்ணை, மன்னார் ஆள். அங்கேதான் சிக்கல். இரண்டு கிழமைக்கு முன் அவர் தன் ரயிலுக்கு எங்களிடம் லோட்ஸ் கேட்டிருந்தார். தங்கச்சி, ஒரு உதவி என்று தமிழில்தான் தொடங்கினார். பக்கத்து மேசையில் உர்ஸ். நானோ சுவிஸ்காரியிலும் பெரிய சுவிஸ்காரி. அது எங்கள் பிரச்சினை இல்லை என்று சுத்தமான டொச்சில், ஜெர்மன் மொழியில், சொல்லிப் போனை வைத்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

வேறு வழியில்லை, அவருக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, நான்தான் கதைக்கிறன். ஒரு லோட்ஸ் வேணும் அண்ணை."

அவர் டொச்சில் ரயில் நம்பர் கேட்டார். சொன்னேன். நீளம், எடை கேட்டார். சொன்னேன். படிவத்தில் இல்லாத ஒரு சொல்லும் அவர் வாயிலிருந்து வரவில்லை. கடைசியில், பதினொன்றே முக்காலுக்கு ஆள் ஏறும் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பெரிய உபகாரம் அண்ணை. அண்டைக்கு நான் அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது."

பிறகு தமிழ் வந்தது.

"அட, உமக்குத் தமிழ் தெரியுமோ? அண்டைக்குத் தெரியாதெண்டெல்லோ நினைச்சனான்."

பன்னிரண்டுக்கு எட்டு நிமிஷம் இருக்க ரயில் அசைந்தது. உர்ஸ் கிப்ஃபெலியைத் திரும்ப எடுத்தார். என்னையும் வைத்துக்கொண்டார்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். உயரத்தையும் எடையையும் கம்ப்யூட்டர் ஞாபகப்படுத்தும். நீங்கள் யாருக்கு எப்படிப் போனை வைத்தீர்கள் என்பது அந்த ஆளுக்குத்தான் ஞாபகம் இருக்கும். இப்போது லோட்ஸ் கேட்டு யார் போன் எடுத்தாலும், உர்ஸ் பக்கத்தில் இருந்தாலும், "ஓம் அண்ணை, பாக்கிறன்" என்றுதான் நான் தொடங்குவது. எடுப்பவர்களில் அனேகர் சுவிஸ்காரர். அவர்களும் பழகிவிட்டார்கள்.