கிழக்கே கடற்கரை என்று எழுதியிருந்தது

மண்டபத்தூரில் மீன் விற்பவள் நான். நான்காம் வகுப்பு படித்திருந்தும், பேனா கேட்கக் கூச்சப்பட்டு எல்லாக் காகிதத்திலும் கைநாட்டே வைத்து வந்தேன். வீடு, மனை விற்க ஆலோசனை சொல்லும் ஒருவர் பத்திரிகையில் வாராவாரம் எழுதுவதை, மீன் மடிக்கும் பழைய தாளில் எழுத்துக்கூட்டிப் படிப்பேன்.

சுனாமிக்கு மறு வருடம், வீட்டுக்கு மேற்கே இருந்த தோப்பை மட்டும் விற்றோம். பத்திரம் எழுதுபவர் என் பெருவிரலில் மை தடவிவிட்டார்.

“வைங்க ஆத்தா, என்னா ரோசன? வூட்டையா எழுதிக் கேக்குறோம்?” என்று தரகர் சிரித்தார்.

நான்கு எல்லையையும் படிக்காமல் கை வைக்கக் கூடாது என்று அந்த ஆலோசகர் எழுதியது நினைவுக்கு வந்தது. குனிந்து படித்தேன். ‘கிழக்கே கடற்கரை’ என்றிருந்தது.

“ஐயா, தோப்புக்குக் கெழக்கால எங்க வூடுல்ல இருக்கு? அதத் தாண்டித்தானே கடக்கர?” என்றேன்.

எழுதுபவர் திடுக்கிட்டார். வீடு கட்டும் முன் எழுதிய பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டாராம். கை வைத்திருந்தால் வீடும் சேர்ந்து போயிருக்கும். உடனே திருத்திக் கொடுத்தார். அன்று முழுவதும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வீட்டுச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

இப்போதெல்லாம் மை தடவ யார் வந்தாலும் கையை இழுத்துக்கொண்டு பேனா கேட்கிறேன். கூச்சம் போகவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.