அம்மா சாகவிடாத சுமனா

மகளின் கைபேசியில் அந்தப் பழைய டிவி நாடகத்தின் புல்லாங்குழல் இசை எழுந்ததும், வெங்காயம் அரிந்துகொண்டிருந்த என் கை நின்றது.

"அம்மா, இந்தச் சிங்கள நாடகத்தைப் படமா எடுக்கினமாம்," என்றாள்.

நான் சிறுமியாக இருந்த காலத்தில், கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் கறுப்பு வெள்ளை டிவி முன்னால், அந்த நாடகம் பார்க்க, எங்கள் சின்னத் தெருவான ஒழுங்கையின் பிள்ளைகள் எல்லோரும் நெருக்கியடித்து உட்காருவோம். சிங்களம் பிடிபடாத வயது. தபால் கந்தோரில் வேலை செய்து சிங்களம் பழகிய அம்மாதான், அரிதட்டில் அரிசி மா அரித்தபடியே, ஒவ்வொருவருடைய வசனத்தையும் குரல் மாற்றித் தமிழில் சொல்வார்.

கடைசி வாரம் கதாநாயகி சுமனா கட்டிலில் கண்மூடினாள். அடுத்து வெள்ளைக் கொடிகள், சவப்பெட்டி. பிள்ளைகள் விம்மத் தொடங்கினார்கள்.

"ஏன் அழுறியள்? அது மாமியாற்ற செத்தவீடு," என்றார் அம்மா, அரிதட்டை நிறுத்தாமல். "சுமனா சுகமாகி, கண்டியில டீச்சர் வேலைக்குப் போயிட்டா."

நாங்கள் கைதட்டினோம்.

பல வருடங்களுக்குப் பிறகு, நான் வேலை செய்த கந்தோரில் ஒரு சிங்களத் தோழி சுமனா செத்த கதையைச் சொல்லிக் கண்கலங்கினாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "எங்கட வீட்டில அப்படி நடக்கேல்ல," என்றேன், நிமிர்ந்து உட்கார்ந்து.

"படம் வந்தா ரெண்டு பேரும் போவமா?" மகள் கேட்டாள்.

"நான் வரமாட்டன். அவங்கள் சுமனாவைச் சாகடிச்சுப்போடுவாங்கள். அவ எங்கட அம்மா காப்பாத்தின பிள்ளை."