அப்பாவின் பாதி வீடு

நாற்பத்து நான்கு வயதில் வீட்டு ஏஜெண்ட் ஆகலாம் என்று கிளம்பினேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் போய் மாட்டிக்கொண்டேன். லைசென்ஸ் பரீட்சைக்கான வகுப்பு ஜாலான் புசாரில், ஆணியும் குழாயும் விற்கிற கடைக்கு மேல் மாடியில். டெனன்ட் என்றால் வாடகைக்கு இருப்பவர் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். புத்தகத்தைத் திறந்தால் வீட்டுச் சொந்தக்காரரையும் அப்படித்தான் சொல்கிறார்கள். முதல் வாரமே தலை கிறுகிறுத்தது.

மூன்றாவது வாரம் ஒரு கேள்வி வந்தது. ஏ, பி இரண்டு பேரும் ஒரு வீட்டை ஜாயின்ட் டெனன்ஸியில் வைத்திருக்கிறார்கள். ஏ தன் பங்கை சி-க்கு உயில் எழுதிவிட்டு இறந்துபோகிறார். வீடு யாருக்கு? இதில் என்ன சந்தேகம், பாதி பி-க்கு, பாதி சி-க்கு என்று கையைத் தூக்கிச் சொன்னேன்.

தப்பு என்றார் வாத்தியம்மா. ஜாயின்ட் டெனன்ஸியில் தனிப் பங்கு என்பதே கிடையாதாம். ஒருவர் போனால் முழு வீடும் மற்றவருக்கு. உயிலில் எழுதியிருந்தாலும் செல்லாது. சி-க்கு ஒன்றும் இல்லை.

அது எப்படி, கையெழுத்துப் போட்ட உயில் ஆயிற்றே என்று சண்டைக்கே போய்விட்டேன். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர்களுக்கென்ன தெரியும்? அந்த சி நான்தான்.

செம்பவாங்கில் நாங்கள் இருக்கும் வீடு அப்பா, அண்ணன் இருவர் பெயரிலும் இருக்கிறது. அண்ணன் பஸ் ஓட்டுகிறவர், கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டார். விவாகரத்தாகி நான் அங்கே வந்து சேர்ந்தபோது, "என் பாதி உனக்குத்தாம்மா" என்று அப்பா உயில் எழுதினார். அந்தப் பாதியை விட்டால் எனக்கு ஒதுங்க வேறு இடம் கிடையாது.

அன்று சாப்பிடும்போதே கேட்டேன். "அப்பா, வீடு வாங்குனப்போ ஃபார்ம்ல எதை டிக் பண்ணீங்க?"

"ஜாயின்ட்தான். இன்னொண்ணுல ஆளுக்கு இவ்வளவுன்னு பங்கு போடச் சொல்லியிருந்துச்சு. அப்பனும் மகனும் பங்கு பிரிப்பாங்களா? அசிங்கமா இருக்காது?"

மூன்று தடவை விளக்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே குழம்பியது. "அதான் எழுதி வச்சிட்டேனே" என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் அண்ணனைப் பார்த்து, "அப்போ நான் போயிட்டா இவ எங்கடா போவா?" என்றார்.

"எங்க போவா? இங்கதான் இருப்பா. நான் என்ன வெளிய போன்னா சொல்லப்போறேன்?"

"அதை எழுதிக் குடுண்ணே."

இந்த வாய் இருக்கிறதே, சனியன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. அண்ணன் சோற்றிலிருந்து கையை எடுத்தார். "சரி, ஆளுக்குப் பாதின்னு மாத்திடலாம்" என்றார்.

அடுத்த மாதம் ஃபேரர் பார்க்கில் ஒரு வக்கீலிடம் போனோம். அப்பாவும் அண்ணனும் கையெழுத்துப் போட்டார்கள். இப்போது ஆளுக்குப் பாதி என்று தனித்தனியாக எழுதியாகிவிட்டது, அப்பாவின் பாதி உயில்படி எனக்கு வரும். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம், வழியில் தோசை வாங்கிக் கொடுத்தார். நான் செய்தது சரியா தப்பா என்றுதான் இன்றுவரை பிடிபடவில்லை. புத்தகத்தில் தேடினால் கிடைக்கிற பதிலா அது?

போன வாரம் அண்ணன் என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"ஹால் ஃபேன் சுத்தல. புதுசு வாங்கணும். அப்பாவும் நீயும் பேசிட்டு உங்க பாதிக்கு சரியான்னு சொல்லுங்க."

இந்த வீட்டுக்கு இத்தனை வருடமாக யாரையும் கேட்காமல் எல்லாம் வாங்கிப் போட்டவர். "உன் இஷ்டம்ண்ணே" என்றேன்.

"இல்ல இல்ல, கேட்டுச் செய்யறதுதான் முறை."

கோபத்தில் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் நிஜமாகவே கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.