சின்னவருக்கு ஒரு வயது என்று சொன்னேன்

இன்று பஸ்ஸில் ஒரு பொய் சொல்லிவிட்டேன்.

என் இரட்டையருக்கு இரண்டரை வயது. ஏழு நிமிடம் முந்திப் பிறந்தவன் ஓடுகிறான், வாய் ஓயாமல் கதைக்கிறான். பிந்திப் பிறந்தவனுக்கு இதயத்தில் ஆபரேஷன் நடந்தது. இன்னும் எதையாவது பிடிக்காமல் நிற்கமாட்டான். கடுகண்ணாவையிலிருந்து அவனைக் கண்டி கிளினிக்குக்குக் கொண்டு போய்க்கொண்டிருந்தேன். மூத்தவனும் கூட வந்தான்.

பக்கத்து சீட்டில் இருந்த உம்மா ஒருவர் கேட்டார்.

“மகள், மடியில ஈக்கிற சின்னவருக்கு எத்தன வயசு?”

உண்மையைச் சொன்னால் அடுத்து வரும் கேள்விகள் எனக்கு மனப்பாடம்.

“ஒரு வயசு” என்றேன்.

“மாஷா அல்லாஹ், நல்ல வளத்தி! ரெண்டு மாசத்துல நடப்பாரு, பாருங்க. பொறகு ஒங்களுக்குக் குந்த நேரமில்ல. என்ட மகன் நடந்த அன்டைக்கே குசினிக்குள்ள போய் அரிசி வாளியக் கவுத்துட்டாரு!”

“அல்லாஹ்! அப்ப எங்கட வாளியயும் மேல தூக்கி வைக்கணும்.”

“வாளி மட்டுமா? கத்தி, சவுக்காரம், மருந்துப் போத்தல், எல்லாத்தயும் அலுமாரிக்கு மேல ஏத்துங்க!”

பேராதனை தாண்டும்வரை இதையே கதைத்துச் சிரித்தோம். அவன் வீட்டுக்குள் செய்யப்போகும் குழப்படியைப் பற்றி இதுவரை யாரும் என்னிடம் பேசியதில்லை.

மதியம் ளுஹர் தொழுதுவிட்டு, பொய்க்கு மன்னிப்புக் கேட்டேன். ஆனால் “ரெண்டு மாசத்துல நடப்பாரு” என்றதற்கு மனதுக்குள் சொன்ன ஆமீனைத் திரும்ப எடுக்கவில்லை.

நீங்களும் வயதை விசாரிக்காமல் ஒரு ஆமீன் போட்டுவிட்டுப் போங்கள்.